கொள்முதல், பணப்பட்டுவாடா: பல்கலைக்கழக ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி?

வேலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் உட்கார்ந்து, துறைகளிலிருந்து வரும் கோப்புகளைப் பார்ப்பதும் புதியவர்களுக்குச் சொல்லித்தருவதும் என் வேலை. திரும்பிப் போகும் கோப்புகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால்தான் திரும்புகின்றன: வேலை நடந்திருக்கிறது, வரிசை மாறி நடந்திருக்கிறது. பொருள் வந்த பிறகு ஆர்டர், பில் வந்த பிறகு ஒப்புதல்.

இந்த வழிகாட்டி, அப்படிப்பட்ட பயிற்சியை முதல் முறையாக நடத்தப் போகிறவருக்கு. கோப்பு எழுதக் கற்றுக்கொள்ள வந்தவரும் படிக்கலாம்.

1. ஒரு வாரம் முன்பே எடுத்துவைக்க வேண்டியவை

பணம் கொடுத்து முடித்த பழைய கோப்புகள் ஐந்து எடுங்கள். மூன்று சரியானவை, இரண்டு தணிக்கையில் ஆட்சேபணை வாங்கியவை. நகல் எடுத்து, கடைக்காரர் பெயர், கையெழுத்து, வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். பழைய தவறைக் காட்டும்போது யாரும் தலைகுனிந்து உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அன்றைக்கு அவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்.

அடுத்து, யார் எவ்வளவு தொகை வரை ஒப்புதல் தரலாம் என்ற உங்கள் நிறுவனத்தின் நிதி அதிகாரப் பட்டியல். துறைத் தலைவர், பதிவாளர், நிதி அலுவலர், துணைவேந்தர் என்று ஒவ்வொருவருக்கும் உள்ள வரம்பு அதில் இருக்கும். ஆளுக்கு ஒரு நகல் வேண்டும். மேசைக்கு ஒன்று வைத்தால் வீட்டுக்கு யாரும் கொண்டுபோவதில்லை.

மூன்றாவது, எந்தப் பணத்துக்கு எந்த விதி என்ற ஒரு பக்கத் தாள். மாநிலப் பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியில் வாங்கினால், தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகள், பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் ஆராய்ச்சித் திட்டப் பணம் என்றால் அனுமதி ஆணையிலேயே நிபந்தனை எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் 2017 பொது நிதி விதிகளைக் கடைப்பிடிக்கச் சொல்வார்கள்.

அந்தத் தாளில் தயாரித்த தேதியைக் கட்டாயம் போடுங்கள். 2017 விதிகள் வந்தபோது விலைப்புள்ளி (கொட்டேஷன்) இல்லாமல் வாங்க 25,000 ரூபாய் வரைதான் அனுமதி. பின்னால் அது உயர்ந்தது. பழைய தாளை மனப்பாடமாக வைத்திருப்பவர், தேவையில்லாத இடத்தில் மூன்று விலைப்புள்ளி கேட்டுத் துறையை அலைக்கழிப்பார்.

2. எப்போது, யாரை வைத்து?

ஜூன், ஜூலைதான் சரியான நேரம். வரவு செலவுத் திட்டம் கைக்கு வந்திருக்கும், துறைகள் ஆண்டுத் தேவையை யோசிக்கத் தொடங்கியிருக்கும். பிப்ரவரியில் நடத்தினால் எல்லாரும் பாதிக் கோப்போடு வருவார்கள். பயிற்சி போய் அவரவர் பில்லுக்குப் பரிந்து பேசும் கூட்டமாகிவிடும்.

ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பேர், அதிகம் போனால் பதினைந்து பேர். ஒவ்வொரு மேசையிலும் துறை உதவியாளர் ஒருவர், பேராசிரியர் ஒருவர், பண்டகக் காப்பாளர் ஒருவர், நிதிப் பிரிவு ஆள் ஒருவர். இவர்கள் ஆண்டு முழுக்க ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதுகிறவர்கள், முகம் பார்த்துப் பேசுவதே இல்லை. "சார், அந்த சீரியல் நம்பர் எதுக்கு உங்களுக்கு?" என்று பேராசிரியர் பண்டகக் காப்பாளரை நேரில் கேட்டுப் பதில் வாங்குவதற்கு ஈடாக நான் நடத்தும் எந்தப் பாடமும் ஆகாது.

பேராசிரியர்களை விட்டுவிடாதீர்கள். திட்டப் பணத்தைச் செலவழிப்பது அவர்கள்தான். கடைக்குத் தொலைபேசியில் "அனுப்பிடுங்க" என்று சொல்வதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

3. பாடத்தைக் கடைசித் தாளிலிருந்து தொடங்குங்கள்

முதலில் நானும் தேவைக் குறிப்பிலிருந்துதான் தொடங்கினேன். பதினொரு மணிக்கே பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விட்டது. எதற்காக இத்தனை தாள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. இப்போது பணம் கொடுத்து முடித்த செலவுச்சீட்டைக் கையில் கொடுத்து, பின்னாலிருந்து முன்னால் புரட்டச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளைத் தாளில் தேதிகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: தேவைக் குறிப்பு, நிதி இருப்புச் சான்று, நிர்வாக ஒப்புதல், விலைப்புள்ளி கேட்டது, வந்தது, ஒப்பீட்டுப் பட்டியல், கொள்முதல் ஆணை, பொருள் வந்தது, இருப்புப் பதிவு, பில், பில்லுக்கு ஒப்புதல், பணம் போனது. பன்னிரண்டு தேதிகள். சரியான கோப்பில் அவை மேலிருந்து கீழே ஏறிக்கொண்டே போகும், அல்லது ஒரே நாளில் நிற்கும். பில் தேதி மட்டும் பொருள் வந்த நாளுக்கு ஓரிரு நாள் முந்தி இருக்கலாம். கடைக்காரர் பில் போட்டுத்தானே லாரியில் ஏற்றுவார். ஆனால் கொள்முதல் ஆணைக்கு முந்திய பில் எந்தக் காலத்திலும் சரியில்லை.

பிறகு ஆட்சேபணை வாங்கிய கோப்பைக் கொடுங்கள், எந்த இடம் என்று சொல்லாமல். தேதி எழுதி முடிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு தடவை ஆணைத் தேதி 14, பில் தேதி 9 என்று எழுதிவிட்டு ஒரு தட்டச்சர் சத்தமாக "ஐயோ" என்றார். அதற்குமேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "தேதியை மாத்திப் போட்டா போச்சே?" போடக் கூடாது என்று அப்போதே, எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். வரிசை மாறி நடந்துவிட்டால், என்ன நடந்தது, ஏன் அவசரம் என்று எழுதி, உரிய அதிகாரியிடம் பின்னேற்பு ஒப்புதல், அதாவது நடந்த பிறகு வாங்கும் ஒப்புதல், கேட்க வழி இருக்கிறது. தாமதமாக வாங்கிய உண்மையான ஒப்புதலைத் தணிக்கை கேள்வி கேட்கும், பதில் சொல்லலாம். முன்தேதியிட்ட கையெழுத்துக்குப் பதிலே கிடையாது.

4. தேவைக் குறிப்பு

எதற்கு, எத்தனை, யாருக்கு, இருக்கிற பொருள் என்ன ஆனது: இந்த நான்கும் இருந்தால் போதும். "துறைக்கு அச்சுப்பொறி தேவை" என்ற ஒற்றை வரி போதாது. பழையது எந்த ஆண்டு வாங்கியது, பழுதா, கழிக்கப்பட்டதா என்று எழுதவில்லை என்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

கம்பெனி பெயர் எழுதாமல் தேவையை எழுதச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு எத்தனை பக்கம், இருபுறமும் அச்சிடுமா, மாதம் எத்தனை தாள் ஓடும் என்று எழுதினால் போட்டி உண்டாகும். மாடல் எண்ணை எழுதினால் அந்த ஒரு மாடல் விற்கும் கடையைத் தேடிப்போவது போலத்தான்.

வரம்புக்குள் கொண்டுவர ஒரே தேவையை இரண்டு மூன்றாக உடைப்பதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு. பத்து நாற்காலியை இந்த வாரம் ஐந்து, அடுத்த வாரம் ஐந்து என்று வாங்கினால், இருப்புப் பதிவேட்டில் அடுத்தடுத்த வரிகளிலேயே அது தெரிந்துவிடும்.

5. எந்தத் தலைப்பில் பணம்?

தலைப்பு தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பில் நிற்கும். மை டப்பா தொடர்செலவு, அச்சுப்பொறி மூலதனச் செலவு. திட்டப் பணத்தில் கருவிக்கு வந்ததை ரசாயனத்துக்கு மாற்ற வேண்டுமென்றால், நிதி தந்த நிறுவனத்தின் அனுமதி வேண்டுமா என்று அனுமதி ஆணையைப் பார்க்காமல் தொடாதீர்கள். ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் (பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று நிதி தந்தவருக்குத் தரும் சான்று) எழுதும்போது இந்த முடிச்சு இறுகும்.

6. விலைப்புள்ளியும் ஒப்பீடும்

அரை நாள் ஒதுக்க வேண்டிய பாடம் இது.

முதலில், மூன்று விலைப்புள்ளி என்றால் மூன்று தனித்தனி ஆட்கள். வேலூர் லாங் பஜாரில் ஒரு கடைக்குப் போய், "இன்னும் ரெண்டு நீங்களே வாங்கிக் குடுத்துடுங்க" என்று கேட்கும் பழக்கம் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி ஜிஎஸ்டி எண். அதன் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை உரிமையாளரின் பான் எண். பெயர்ப்பலகை வேறாக இருந்தும் அந்தப் பத்து எழுத்தும் ஒன்றாக இருந்தால் ஆள் ஒருவரே. இதைச் சொன்னதும் எல்லாரும் தங்கள் பழைய கோப்பைத் திறந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும், பத்து நிமிடம் விடுங்கள்.

நமக்கு ஆந்திர எல்லை பக்கம். காட்பாடி தாண்டினால் சித்தூர் கடைகளின் விலைப்புள்ளியும் வரும். தமிழ்நாட்டு எண் 33இல் தொடங்கும், ஆந்திர எண் 37இல். நம் மாநிலக் கடை மத்திய, மாநில வரியை இரண்டாகப் பிரித்துப் போடும். சித்தூர்க் கடை ஒருங்கிணைந்த வரி என்று ஒரே வரியில் போடும். ஒரே பொருளுக்கு மொத்த வரி ஒன்றுதான். ஒருங்கிணைந்த வரி கூடுதல் என்று நினைத்து அந்த விலைப்புள்ளியை ஒதுக்கிவைத்த கோப்பைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஒப்பிட வேண்டியது வாசலில் வந்து இறங்கும் விலை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். அ கடை: 42,000, வரி 18 சதவீதம் தனி. ஆ கடை: 48,500, எல்லாம் உட்பட. இ கடை: 41,000, வரி தனி, வண்டி வாடகை 900. பாதிப் பேர் இ என்பார்கள். வரி சேர்த்தால் அ 49,560. இ வாடகையோடு 49,280. ஆ 48,500தான் குறைவு. பார்த்தால் அதிகமாகத் தெரிந்த எண்தான் கடைசியில் குறைந்த விலை. இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் கையால் போட வேண்டும்.

செல்லுபடிக் காலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். விலைப்புள்ளி 30 நாளுக்கு என்று எழுதியிருக்கும். ஒப்புதல் வர 50 நாள் ஆகியிருக்கும். வரி விகிதமும் நடுவில் மாறலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது. அதற்கு முன் வாங்கிய விலைப்புள்ளியின் மொத்தத் தொகையை அப்படியே ஆணையில் எழுதினால் தவறாகிவிடும்.

வரம்பைத் தாண்டிய ஒப்பந்தப்புள்ளிகளுக்கு இன்னொரு நாள் வையுங்கள். தொழில்நுட்ப விவரத்தையும் விலையையும் தனித்தனி உறையில் வாங்கும் இரண்டு உறை முறையில், தொழில்நுட்ப உறையில் தேறியவரின் விலை உறையை மட்டுமே திறக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொன்னால் போதும்.

7. கொள்முதல் ஆணை

ஆணை கையெழுத்தாகி அனுப்பப்படும் வரை கடைக்காரருக்கு வாய்வார்த்தையாக எதுவும் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அவர் நம்பிக்கையோடு சரக்கை இறக்கிவிடுவார், நம்மிடம் தாள் இருக்காது, அவருக்கு மாதக்கணக்கில் பணம் வராது. துறையின் அவசரத்துக்கு விலை கொடுப்பது அந்தக் கடைக்காரர்.

பொருளின் விவரம், விலை, வரி, எந்தத் தேதிக்குள் தர வேண்டும், எங்கே இறக்க வேண்டும், உத்தரவாதக் காலம், பொருத்தித் தருவது யார், பணம் எத்தனை நாளில், பில் யார் பெயரில், பல்கலைக்கழகத்தின் ஜிஎஸ்டி எண் ஆகியவை ஆணையில் இருக்க வேண்டும். பில் யார் பெயரில் என்பதை எழுதாமல் விட்டால், துறைத் தலைவரின் சொந்தப் பெயரில் பில் வந்து நிற்கும்.

"பணம் எத்தனை நாளில்" என்ற வரியை வெறுமனே விடாதீர்கள். ராணிப்பேட்டையில் இரும்பு அலமாரி செய்துதரும் பட்டறை போன்ற, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய நாளுக்குள் கொடுக்க வேண்டும். அது 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த வட்டி விதி பொருந்தாது. ஆனாலும் அவருக்கும் அதே காலத்தைக் கடைப்பிடிப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. பில்லுக்காக மூன்று தடவை படியேறிய கடைக்காரர் அடுத்த விலைப்புள்ளியில் அந்த அலைச்சலையும் சேர்த்துத்தான் விலை போடுவார்.

8. பொருளை வாங்கி வைப்பது

பெட்டியைப் பிரித்து எண்ணிப் பார்த்து, மாடல் எண், சீரியல் எண்ணை ஆணையோடு ஒப்பிட்ட பிறகுதான் கையெழுத்து. வண்டிக்காரர் அவசரப்படுத்தினால் "பெட்டிகள் மட்டும் பெறப்பட்டன, உள்ளே சரிபார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். இந்த ஒரு வரி பல பண்டகக் காப்பாளர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பதிவேட்டின் பெயர், பக்க எண், வரிசை எண்ணை பில்லின் பின்புறம் எழுத வேண்டும். பக்க எண் இல்லாத பில்லை நிதிப் பிரிவு தொடாது. பணம் போன பொருள் எங்கே இருக்கிறது என்று தணிக்கையாளர் தேடிப்போக அந்த எண்தான் வழி.

மார்ச் கடைசி வாரத்தைப் பற்றித் தனியாகப் பேசுங்கள். நிதி திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில், வராத பொருளை வந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. கடை மூடிப்போனாலோ பொருள் குறைவாக வந்தாலோ பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். பொருள் வராத பணத்துக்கு நீட்டிப்புக் கேட்டு எழுதலாம், அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் கேட்கலாம். இளையவர்கள் இதை ஒரு அதிகாரியின் வாயால் கேட்க வேண்டும். அந்த அரை மணி நேரம் நிதி அலுவலரையே வகுப்புக்கு அழைத்துப் பேசவையுங்கள்.

9. பில் சரிபார்ப்பும் பிடித்தமும்

டெலிவரி சலான் (பொருளோடு வரும் சீட்டு), முன்மாதிரி பில் (விற்பதற்கு முன் தரும் மாதிரி பில்), வரி பில் மூன்றையும் மேசையில் போட்டு, எதற்குப் பணம் கொடுக்கலாம் என்று கேளுங்கள். வரி பில்லுக்கு மட்டும். வரிசை எண், தேதி, இரு தரப்பு ஜிஎஸ்டி எண், பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண், வரி தனியாக: இவ்வளவும் அதில் இருக்கும்.

பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டும் பிடித்தத்தில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள், காரணம் இரண்டு பிடித்தத்தையும் ஒன்றாக நினைப்பது. வருமான வரிப் பிடித்தம் வேலை ஒப்பந்தத்துக்கு: தனிநபர் என்றால் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2. ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ ஆண்டுக்கு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடிக்க வேண்டும். ஜிஎஸ்டி பிடித்தம், அதைப் பிடிப்பதற்கென்று பதிவு பெற்ற நிறுவனம் செய்வது: ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் 2 சதவீதம்.

எடுத்துக்காட்டு ஒன்று: ஒரு கம்பெனிக்கு ஆண்டுப் பராமரிப்பு 1,20,000, ஜிஎஸ்டி 21,600. பில்லில் வரி தனியாகக் காட்டியிருந்தால் வருமான வரியை 1,20,000க்கு மட்டும் பிடிக்கிறோம்: 2,400. மொத்தம் 1,41,600இல் கையில் போவது 1,39,200. ஜிஎஸ்டி பிடித்தம் இல்லை.

எடுத்துக்காட்டு இரண்டு: கடையில் இருந்த அலமாரிகள் 3,00,000, ஜிஎஸ்டி 54,000. வாங்கியது தயார்ப் பொருள் என்பதால் ஒப்பந்த வேலைக்கான வருமான வரிப் பிடித்தம் இல்லை. ஜிஎஸ்டி பிடித்தம் 6,000. கொடுப்பது 3,48,000.

பான் எண்ணின் நான்காவது எழுத்து பி (P) என்றால் தனிநபர், சி (C) என்றால் கம்பெனி, எஃப் (F) என்றால் கூட்டு நிறுவனம். 1 சதவீதமா 2 சதவீதமா என்ற குழப்பம் அதோடு தீரும். பிடித்த வருமான வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும் ஜிஎஸ்டியை 10ஆம் தேதிக்குள்ளும் கட்ட வேண்டும் என்பதால், மாதக் கடைசியில் பில்லைக் குவிக்காதீர்கள் என்று துறைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. பணம் அனுப்புவது

புதிய கடைக்காரர் என்றால் ரத்து செய்த காசோலை ஒன்று வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஓ எழுத்தாக அடிப்பதால் திரும்பி வரும் பணம் ஏராளம். 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பெயர் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

"எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சலோ வாட்ஸ்ஆப்போ வந்தால் அதில் இருக்கும் எண்ணுக்கு அழைக்கக் கூடாது. பழைய கோப்பில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்க வேண்டும்.

அனுப்பிய அன்றே கடைக்காரருக்கு ஒரு செய்தி போகட்டும்: பில் எண், பில் தொகை, பிடித்தம் எவ்வளவு, அனுப்பியது எவ்வளவு. அப்புறம் "ஏன் சார் 6,000 கம்மியா வந்திருக்கு?" என்ற அழைப்பு வராது.

11. முன்பணம்

கருத்தரங்குக்கு வாங்கும் முன்பணம், நிகழ்ச்சி முடிந்ததும் பில்லோடு தீர்க்கப்பட வேண்டும். பழைய முன்பணம் நிலுவையில் இருப்பவருக்குப் புதியது இல்லை என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்லப் பழக்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் வில்லை (ரெவின்யூ ஸ்டாம்ப்) ஒட்டியிருக்க வேண்டும். சாப்பாட்டுக்காரர், வேன்காரர் ரசீதில் விடுபடுவது அதுதான்.

12. ஒரு மாதம் கழித்து

பயிற்சி முடிந்த அன்று தேர்வு வைப்பதில் பயனில்லை. முப்பது நாள் கழித்து, வந்தவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் எழுதிய ஒரு உண்மையான கோப்போடு மறுபடி உட்காரட்டும். அதே பன்னிரண்டு தேதிகளை அதே மேசையில் எழுதட்டும்.

அந்தக் கூட்டத்தில் நிதிப் பிரிவும் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: கோப்பைத் திருப்பினால் எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் எழுதுவது. இன்றைக்குப் பக்க எண் இல்லை, அடுத்த வாரம் பான் எண் இல்லை, அதற்கடுத்த வாரம் கையெழுத்து இல்லை என்று ஒரே கோப்பு நான்கு தடவை படியேறுவதைப் பார்த்திருக்கிறேன். திருப்பும் சீட்டில் குறைகளை எண் போட்டு எழுதி, கீழே "இவை தவிர வேறு குறை இல்லை" என்று சரிபார்த்தவர் கையெழுத்திட வேண்டும். எங்கள் பிரிவில் அந்தச் சீட்டை அச்சடித்து வைத்திருக்கிறோம். முதல் வாரம் அந்தக் கடைசி வரியில் கையெழுத்துப் போட எல்லாருக்கும் தயக்கமாக இருந்தது. இப்போது கோப்பை முதல் தடவையே கடைசித் தாள் வரை படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார்கள்.